கண்ணால் பேச ஒரு கருவி: லட்ச ரூபாய்ப் பட்டையா, கையிலிருக்கும் போனா, ஓஎச்பி தாளா?

பேச முடியாதவர் கண் அசைவாலேயே பேச உதவுபவை மூன்று: டோபி டைனாவாக்ஸின் பிசிஐ (PCEye) பட்டை, கூகுளின் லுக் டு ஸ்பீக் செயலி, ஆப்பிளின் ஐஓஎஸ் 18-இல் வந்த ஐ டிராக்கிங். மூளையில் பலத்த காயம்பட்டவரின் கட்டிலருகே இவற்றை வைத்துப் பார்த்தால்தான், டெமோ வீடியோவுக்கும் நாகர்கோவில் வீட்டு நடுஅறைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். வீடியோவில் இருப்பவருக்குக் கழுத்து நிற்கிறது, இரண்டு இமையும் திறக்கிறது, ஐந்து நிமிடத்தில் களைப்பு வருவதில்லை. இங்கே இந்த மூன்றுமே சிக்கல்.

அதனால் முதல் செலவு ஒரு கைக்கண்ணாடிக்கு. மூளைக் காயத்துக்குப் பிறகு நனவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சிஆர்எஸ்-ஆர் (CRS-R) என்ற அளவுகோலில் உள்ள முறை இது: முகத்துக்கு முன் 4 முதல் 6 அங்குலத்தில் கண்ணாடியைப் பிடித்து, நடுவிலிருந்து வலப்பக்கம் 45 டிகிரி, இடப்பக்கம் 45 டிகிரி, பிறகு மேலும் கீழும், இருமுறை மெதுவாக நகர்த்த வேண்டும். கண் பிடியை விடாமல் அந்த 45 டிகிரியும் பின்தொடர வேண்டும். அது இரண்டு தடவையாவது நடந்தால்தான் கணக்கு. டார்ச், பேனா, பந்து எதையும்விடத் தன் முகத்தையே கண் நன்றாகப் பின்தொடரும். இதைச் சாதாரணச் சோதனை என்று தள்ளவேண்டாம். உணர்வில்லை என்று மருத்துவக் குழு முடிவுகட்டியவர்களில் 41 விழுக்காட்டினருக்கு நனவின் அறிகுறி இருந்ததை, இதே அளவுகோலை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. வலிப்பு மாத்திரையோ தசை இறுக்கத்துக்கான மாத்திரையோ கொடுத்துத் தூக்கம் அழுத்தும் நேரத்தில் பார்த்துவிட்டு ‘கண் ஓடவில்லை’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. காலையில், சளி உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது.

கண் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எதை வாங்குவது என்பது அதில்தான் இருக்கிறது. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் அடிபட்டு உடல் முழுக்கப் பூட்டிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் இடம்-வலம் அசைவு போய்விடும். மேல்-கீழ் அசைவும் இமைப்பும்தான் மிஞ்சும்.

லுக் டு ஸ்பீக் இங்கேதான் சறுக்குகிறது. ஆண்ட்ராய்டு 9-இலும் அதற்கு மேலும் இலவசமாக இறங்கும் நல்ல செயலி. வாக்கியங்கள் இரு பத்தியாக நிற்கும். வேண்டிய பத்தி உள்ள பக்கமாகப் பார்வையைத் திரைக்கு வெளியே எறிந்தால் மற்றப் பாதி விழுந்துவிடும். 8 வாக்கியம் என்றால் மூன்று பார்வை, 16 என்றால் நான்கு. ரத்து செய்ய மேலே பார்க்க வேண்டும். இடம்-வலம் இல்லாதவருக்கு இதில் வழியே இல்லை. இருப்பவருக்கு, வாங்கும் முன் கையிலிருக்கும் போனிலேயே பழக்கிப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது. ‘தண்ணீர் வேணும்’, ‘சளி எடு’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘வலிக்குது’ என்று எட்டோடு நிறுத்துங்கள். போனில் தமிழ்க் குரல் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எழுத்து பிடிபடாதவருக்கு 2024-இல் வந்த படமுறை உதவும்.

செயலி சரியாக வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். முன்கேமராவுக்கு முகம் தெரிய வேண்டும். நம் வீடுகளில் கட்டிலை ஜன்னலோரம் போடுவோம். வெளிச்சம் நோயாளியின் பின்னாலிருந்து வரும், முகம் கருத்துப்போகும். கட்டிலைத் திருப்பிப் போடுங்கள், அல்லது முகத்துக்கு எதிரே பல்பு வையுங்கள். போனைக் கையில் பிடிக்கவே கூடாது. கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஸ்டாண்டில் நிற்கட்டும். இடம், வலம், மேல் மூன்றுக்கும் உணர்திறனைத் தனித்தனியே மாற்றலாம். ஒரு கண் சாய்ந்திருப்பவருக்கு இது அவசியம்.

ஐபோன் 12-ஓ அதற்குப் பிந்தையதோ உள்ளவர்களுக்கு ஐ டிராக்கிங் செலவில்லாமல் கிடைக்கும்: செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, ஒன்றரை அடி தூரம், புள்ளிகளைத் தொடர்ந்து பார்த்தல், அவ்வளவுதான். ஆனால் ஐபோன் திரையில் பொத்தான்கள் நெருக்கமாக இருக்கும். காயத்துக்குப் பிறகு பார்வை நடுங்குபவருக்கு அது ஒத்துவராது. ஐபேடில் பரவாயில்லை.

பிசிஐ வேறு ரகம். மடிக்கணினித் திரையின் அடியில் ஒட்டும் ஒரு மெல்லிய பட்டை. அகச்சிவப்பு ஒளியை அடித்து, கருவிழிமேல் விழும் பளபளப்பையும் கண்மணியின் நடுவையும் வைத்துப் பார்வை எங்கே விழுகிறது என்று கணக்கிடும். அறை இருட்டாக இருந்தாலும் கவலையில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் சார்ஜ் உள்ளவரை ஓடும். எதிரி, நேர் வெயில். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் முகத்தில் அடித்தால் சுட்டி எங்கோ பறக்கும். ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுங்கள்.

‘வாங்கினோம், வேலை செய்யவில்லை’ என்று அலமாரியில் முடங்கும் இத்தகைய கருவிகளில் பலவும் கோணத்தால் தோற்றவை. படுத்திருப்பவரின் மடிமேல் திரையை வைத்தால் பார்வை தாழும், மேலிமை இறங்கிக் கண்மணியை மூடும், பட்டைக்கு ஒன்றும் தெரியாது. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, தலையின் இருபுறமும் சுருட்டிய துண்டு வைத்து, திரையை முகத்துக்கு இணையாகச் சாய்த்து, 60-65 செ.மீ. தூரத்தில் நிறுத்த வேண்டும். இதற்குத் திரையைத் தாங்கும் உறுதியான மடக்குக் கை (ஸ்டாண்ட்) வேண்டும். பட்டைக்கான பணத்தோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் படுக்கும் இந்த நிலையைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

அளவொப்பில் (திரைப் புள்ளிகளைப் பார்க்கவைத்து, கருவிக்கு அவர் கண்ணைப் பழக்கும் தொடக்க வேலையில்) எல்லாப் புள்ளிகளும் தேறாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். மாறுகண் இருந்தால் ஒரு கண்ணை மட்டும் தேர்ந்தெடுங்கள். பைஃபோகல் கண்ணாடியின் கோடு கண்மணிக்குக் குறுக்கே வந்தால் குழப்பும். ஒரு பொத்தான் அமுங்கப் பார்வை அதன்மேல் தங்க வேண்டிய நேரத்தை 1.5 அல்லது 2 நொடியில் தொடங்குங்கள்; குறைத்தால் பார்த்ததெல்லாம் அமுங்கும், கூட்டினால் சலிப்பு வரும். திரையில் முதலில் இரண்டே பெரிய கட்டம். பாதிப் பார்வைப்புலம் போனவருக்கு அவற்றைப் பார்வை உள்ள பக்கமாக மேலும் கீழுமாக வையுங்கள். 10-15 நிமிடம் போதும்.

‘ஆம்-இல்லை’ நம்பத்தக்கதா என்று பார்க்க, விடை தெரிந்த ஆறு கேள்விகள்: ‘இப்போ நான் காதைத் தொடுறேனா?’ போன்றவை. ஆறும் சரியாக வராதவரை வீட்டுப் பத்திரம், பணம் பற்றி அவரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

இடையில், தலைப்பில் சொன்ன அந்த ஓஎச்பி தாள் (புரொஜெக்டரில் வைக்கும் பிளாஸ்டிக் தாள்). ஒளிபுகும் தாளில் எழுத்தை எழுதி இருவருக்கும் நடுவே பிடித்தால், எதிரே இருப்பவரே கருவி. 247 எழுத்தையும் எழுதினால் யாருக்கும் கண் நிற்காது. உயிர் 12, மெய் 18 போதும். ‘க்’, பிறகு ‘ஓ’ என்று பார்த்தால் ‘கோ’. மெய்களை ஆறு ஆறாக மூலைக்கு ஒன்று என்று பிரித்து நான்காம் மூலையில் உயிர். முதல் பார்வை மூலைக்கு, அடுத்தது அதற்குள். இடம்-வலம் போனவருக்கு மூலை வேண்டாம், வரிசை வரிசையாக வாசியுங்கள். மேலே பார்த்தால் ஆம். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்தவராக இருந்தால், அந்த எழுத்திலும் ஒரு தாள் செய்து வையுங்கள். பிசிஐ வந்த பிறகும் இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்: குளிப்பாட்டும்போதும் ஆம்புலன்ஸிலும் இதுதான் கைகொடுக்கும்.