திருகோணமலையில் பழைய சேர்வர் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

எனக்குப் பழைய சேர்வர் விற்ற கடை முதலாளி இன்றைக்கும் போனை எடுக்கவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறுவதாக இல்லை. அதற்குள் இன்னும் யார் யார் அங்கே போய்க் காசைக் கொட்டுவார்களோ தெரியாது. 110,000 ரூபா. சேர்வரில் போடுகிற சொஃப்ட்வெயாருக்கு ‘ஒரிஜினல் லைஃப்டைம் லைசென்ஸ்’ என்று சொல்லி என்னிடம் வாங்கின காசு. அப்படி ஒரு லைசென்ஸும் அதில் போட்டிருக்கவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. நகரத்துக்குள்ளேயே இருக்கிற, கொழும்பிலிருந்து பாவித்த சேர்வர்களையும் லேப்டொப்களையும் இறக்கி விற்கிற கடை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று நடத்துகிறேன். மெயின் வீதியில் சில கடைகள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சில விடுதிகள், இவர்களுடைய கணக்கும் சம்பளப் பட்டியலும் எங்களிடம்தான். கணக்கு சொஃப்ட்வெயாருக்கு ஒரு கணினி, கோப்புகளுக்கு ஒன்று, விரல் ரேகை வரவுப் பதிவுக்கு ஒன்று என்று மூன்று பழைய பெட்டிகள் கிடந்து இழுபட்டன. ஒரே சேர்வரில் மூன்று வேர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினி மாதிரி ஓடுகிறவை, ஓட்டலாம் என்று சொன்னார்கள். அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை, இப்போதும் அதையேதான் சொல்வேன்.

முதலாளி நல்ல மரியாதையான மனிதர் மாதிரித்தான் இருந்தார். பிளேன்ரீ வரவழைத்துத் தந்தார். ‘தங்கச்சி, கொழும்பில பெரிய கொம்பனியள் எல்லாம் விஎம்வெயார்தான் ஓட்டுது, அதையே உங்களுக்கும் போட்டுத் தாறன்’ என்றார். காட்டிய மெஷின் இன்டெல் ஸியோன் ஈ5-2620 என்ற சிபியூ (கணினியின் மூளைச் சில்லு) உள்ள ஒரு டவர் சேர்வர். மெஷினின் விலை தனி. வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிற விஎம்வெயாரின் சொஃப்ட்வெயார் இஎஸ்எக்ஸ்ஐ. அதன் 8ஆம் வேர்ஷனின் லைசென்ஸுக்கும் போட்டுத் தருவதற்கும் சேர்த்து 110,000. நான் நேராகவே கேட்டேன்: ‘இந்தப் பழைய மெஷினுக்கு இந்தப் புது வேர்ஷன் சரிவருமா? சப்போர்ட் இருக்கா?’ நெஞ்சில் கையை வைத்து, ‘நூறு வீதம். வாழ்நாளுக்கும் பிரச்சினை வராது’ என்றார். அந்தக் கை வைத்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதை நம்பித்தான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

போட்டுத் தர வந்த பெடியன் என் கண் முன்னால்தான் வேலை செய்தான். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டு வரும்போது ஷிஃப்ட்டையும் ஓ எழுத்தையும் சேர்த்து அமத்தினான். கீழே ஒரு வரி வந்தது. அதன் கடைசியில் ஏதோ தட்டிச் சேர்த்தான். ‘என்ன தம்பி அது?’ என்று கேட்டேன். ‘அது ஸ்பீட் கூட்டுறது அக்கா’ என்றான். முடிந்த பிறகு ரூட் பாஸ்வேர்ட்டை, சேர்வரின் முழு அதிகாரமும் உள்ள பாஸ்வேர்ட்டை, கேட்டேன். ‘பிழையா ஏதும் அமத்திப் போட்டா எல்லாம் போயிடும் அக்கா, அது எங்களிட்டயே இருக்கட்டும்’ என்று சொல்லி, மூன்று வேர்ச்சுவல் மெஷினுக்கும் மேசைத்திரையில் குறிகளை வைத்துவிட்டுப் போனான்.

ஓடியது, நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் முறையாக நிறுத்தினோம். கரண்ட் வந்தது, சேர்வரும் எழும்பியது, ஆனால் உள்ளே இருந்த மூன்று மெஷினில் ஒன்றுகூட எழும்பவில்லை. மாதக் கடைசி. ஒரு மாதத்து ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். தொழிலாளியிடம் பிடித்த 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், எல்லாப் பட்டியலும் அந்தப் பெட்டிக்குள். வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது?

கடைக்குப் போன் எடுத்தால் முதலாளி கொழும்பில். பிறகு எடுத்தால் மீட்டிங்கில். வட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றேன். ‘கரண்ட் போனதுக்கு நாங்க என்ன தங்கச்சி செய்யிறது, மின்சார சபையிட்ட கேளுங்கோ’ என்றார். அடுத்து யூபிஎஸ் சரியில்லை என்றார். அடுத்து, சேர்வரை நிறுத்தவே கூடாதாம், நாங்கள் நிறுத்தியதுதான் பிழையாம்! கடைசியில் அந்தப் பெடியன் வந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்க் கடைக் கணினியில் செருகிப் பார்த்தான். விண்டோஸில் ஒன்றுமே தெரியவில்லை, டிஸ்க் போய்விட்டது, டேட்டா எடுக்க இன்னும் 45,000 வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே 110,000 கொடுத்தவளிடம் வாய் கூசாமல் கேட்டார்கள்.

நான் கொடுக்கவில்லை. கொழும்பில் சேர்வர் வேலை செய்கிற என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி, லீவில் வந்தான். டிஸ்க்கைத் திருப்பி மாட்டினோம். ரூட் பாஸ்வேர்ட்டைக் கேட்டுக் கடையோடு சண்டை பிடித்து, முடிவில் அந்தப் பெடியனே ஒரு இரவு மெசேஜில் அனுப்பினான். என் தம்பி உள்ளே போய் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டினான். பரீட்சார்த்தப் பாவனை, காலம் முடிந்துவிட்டது. இஎஸ்எக்ஸ்ஐயை யார் இறக்கிப் போட்டாலும் எந்த லைசென்ஸும் இல்லாமல் 60 நாள் ஓடும். 60 நாள் முடிந்தால், ஓடிக்கொண்டிருக்கிற வேர்ச்சுவல் மெஷின் தொடர்ந்து ஓடும், ஆனால் ஒருதரம் நிறுத்தினால் திரும்ப எழும்பாது. அதுதான் நடந்திருக்கிறது. கரண்ட்டும் இல்லை, யூபிஎஸ்ஸும் இல்லை. எனக்கு 110,000 ரூபாவுக்கு விற்றது எவருக்கும் சும்மா கிடைக்கிற 60 நாள்.

இன்னொன்று கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். புரோட்கொம் என்ற கொம்பனி, விஎம்வெயாரை வாங்கிய பிறகு 2024 பெப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டு வந்தார்கள். அந்த இலவசப் பதிப்பைப் போட்டிருந்தால்கூட இப்படி நின்றிருக்காது. அதைப் போடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

‘ஸ்பீட் கூட்டுறது’ என்ற அந்த வரியையும் தம்பி காட்டினான். சேர்வர் எழும்பும்போது வாசிக்கிற பூட் கோப்பில் ‘அலவ் லெகசி சிபியூ = ட்ரூ’, அதாவது பழைய சிபியூவையும் விடு, என்று இருந்தது. ஸியோன் ஈ5-2620 வந்தது 2012இல். இஎஸ்எக்ஸ்ஐ 7 அந்தத் தலைமுறையை எச்சரிக்கையோடு ஏற்றுக்கொண்டது, 8 பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. 8இன் இன்ஸ்டோலர் அந்தச் சிபியூவைக் கண்டதும் முடியாது என்று நின்றுவிடும். அந்த வரியைச் சேர்த்தால் பேசாமல் விடும், வேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் பழகிப் பார்ப்பதற்கு அப்படிப் போடுகிறவர்கள் நிறைய, அதில் குற்றமில்லை என்கிறான் தம்பி. ஆனால் அடுத்த அப்டேட்டோடு நின்றாலும் கேட்க ஆளில்லை. சரி, 7ஐப் போட்டிருக்கலாமே என்றால், அதற்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்த கடைதான் நெஞ்சில் கை வைத்து நூறு வீதம் என்றது.

மூடியைக் கழற்றினால் இன்னும் கோபம் வந்தது. முழு இஎஸ்எக்ஸ்ஐயும் உள்ளே செருகியிருந்த ஒரு மலிவான பென்ட்ரைவில்! 7இலிருந்து அது பூட் டிஸ்க்கில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், பென்ட்ரைவ் தாங்காது, வேண்டாம் என்று விஎம்வெயாரே சொல்லியிருக்கிறது. 45,000 கேட்ட ‘போன’ டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. இஎஸ்எக்ஸ்ஐ டிஸ்க்கை விஎம்எஃப்எஸ் என்ற தன் சொந்த முறையில் எழுதுகிறது, விண்டோஸ் அதை வாசிக்காது, அவ்வளவுதான். தம்பி உலாவியிலேயே டேட்டாஸ்டோரை, இஎஸ்எக்ஸ்ஐ கோப்புகளை வைக்கிற இடத்தை, திறந்து என் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினான். பிறகு அதே பெட்டியில் இஎஸ்எக்ஸ்ஐயின் வேலையையே செய்கிற, காசு கொடுக்கத் தேவையில்லாத ப்ராக்ஸ்மொக்ஸைப் போட்டு மூன்று மெஷினையும் எழுப்பினான். அது லினக்ஸ், இந்தப் பழைய சிபியூவோடு சண்டை பிடிக்கவில்லை. ஆகவே பழைய மெஷின் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்யை விற்றார்கள், அதுதான் என் கோபம்.

110,000ஐத் திருப்பிக் கேட்டேன். ‘சொஃப்ட்வெயாருக்குத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை’ என்று ஒரே வரி. பில்லைப் பார்த்தால் ‘சொஃப்ட்வெயார் மற்றும் சேவை’ என்று மட்டும் இருக்கிறது, லைசென்ஸ் என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். யோசித்துப் பாருங்கள், 60 நாள் தானாக ஓடிவிடுகிறது, மிச்ச நாளை இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுத்தால் அந்தக் காலமும் போய்விடும். நான் மயிரிழையில் தப்பினேன்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், சம்பளப் பட்டியல்கள் காத்துக் கிடக்கின்றன, அவசரமாகச் சொல்கிறேன். சிபியூவின் முழுப் பெயரையும் கேட்டு, புரோட்கொம்மின் பொருந்துதல் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். காசு கொடுக்க முன் ரூட் பாஸ்வேர்ட்டை வாங்குங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் லைசென்ஸ் என்று எழுதச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள்.

அந்தக் கடையில் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பரீட்சார்த்தப் பாவனை என்று இருந்தால் எந்த வேர்ச்சுவல் மெஷினையும் நிறுத்த வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.