கத்ரியின் வரிகள், கிளெஸ்மாட்டிக்ஸின் மெட்டு: ஒரு ஹனுக்கா இசைத்தொகுப்பு

யூதர்கள் எட்டு இரவுகள் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகைக்காக நியூயார்க்கின் கிளெஸ்மாட்டிக்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட ‘வுடி கத்ரியின் ஹேப்பி ஜாயஸ் ஹனுக்கா’ என்னும் இசைத்தொகுப்பை, பண்டிகைக் காலத்துக்கென்று அவசரமாகத் தயாரித்து விற்கப்படும் ஆல்பங்களில் ஒன்று என நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீடுகளில் வாசிக்கப்பட்ட கிளெஸ்மர் இசையை 1986 முதல் ஜாஸ், ராக் இசைகளோடு கலந்து வளர்த்துவரும் குழு இது. பாடல்களை எழுதியவரோ ஓக்லஹோமாவில் 1912-இல் பிறந்த, யூதரல்லாத, தொழிலாளர் போராட்டங்களோடு பெயர் சேர்ந்துபோன நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி.

இந்த இரண்டையும் இணைத்தவர் ஒரு மாமியார். நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமின் குழுவில் ஆடிய மார்ஜரி மாசியாவை மணந்த கத்ரி, 1940-களில் புரூக்ளினின் கோனி ஐலண்டில் மெர்மெய்ட் அவென்யூவில் குடியிருந்தார். மார்ஜரியின் தாயார் அலைசா கிரீன்பிளாட், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் கவிதை எழுதியவர். அவர் வீடும் அருகிலேயே இருந்தது. யூத வரலாற்றையும் பண்டிகைகளையும் அவரிடம் கேட்டறிந்த கத்ரி, பெரும்பாலும் 1949-ஆம் ஆண்டில், குழந்தைகளை மனத்தில் வைத்து ஹனுக்கா பாடல்களை எழுதினார். அப்போது அவருடைய மகன் ஆர்லோவுக்கு இரண்டு வயது. ‘தி மெனி அண்ட் தி ஃபியூ’, ‘ஹனுக்கா டான்ஸ்’ ஆகிய பாடல்களை மோசஸ் ஆஷின் பதிவு நிறுவனத்துக்காகக் கத்ரியே பாடினார். மற்ற பாடல்கள் மெட்டின்றி வெறும் வரிகளாகக் காகிதத்தில் தங்கிவிட்டன. பல்லாண்டுகளுக்குப் பிறகு மகள் நோரா கத்ரி அவற்றைத் தந்தையின் ஆவணங்களிலிருந்து எடுத்துக் குழுவினரிடம் கொடுத்தார். ஆகவே இந்தத் தொகுப்பில் நாம் கேட்பது பெரும்பாலும் புதிய மெட்டுகளையே.

தொகுப்பின் பெயரைத் தாங்கிய பாடல் எண்ணிக்கைப் பாட்டு வகையைச் சேர்ந்தது. பண்டிகையின் எட்டு இரவுகளையும் எண்ணிக்கொண்டே போகும் அந்தப் பாட்டில், ஏழு என்றால் மதத்தைக் கைவிட மறுத்ததால் கொல்லப்பட்ட, ஹன்னா என்னும் தாயின் ஏழு மகன்கள், ஐந்து என்றால் அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த மக்கபேயர் சகோதரர்கள் ஐவர் என்று ஒவ்வோர் எண்ணும் ஒரு கதையைத் தொட்டுச் செல்கிறது. பஸ்கா விருந்தின் முடிவில் யூதக் குடும்பங்கள் பாடும் எண் பாட்டின் அமைப்பு இதில் தெரிகிறது. அந்த ஏழு மகன்களின் கதை கொடூரமானது. குழந்தைகளுக்கான பாட்டென்று கத்ரி அதை விட்டுவிடவில்லை, விளக்கி அழவைக்கவுமில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார். அந்த வேகத்துக்குக் கிளெஸ்மர் தாளம் நன்றாகவே பொருந்துகிறது.

என் கணிப்பில் தொகுப்பின் உச்சம் ‘தி மெனி அண்ட் தி ஃபியூ’தான். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் தாய்நாடு திரும்பியது தொடங்கி மக்கபேயர் எழுச்சி வரையிலான நெடுங்கதையை, பாத்திரங்களே முன்வந்து தம் பெயரைச் சொல்லிப் பேசுவதாக எழுதியிருக்கிறார் கத்ரி. பாரசீக மன்னர் சைரஸ் வந்து ‘நான் இன்னார், என் ஆணை இது’ என்கிறார்; அடுத்து யூதத் தலைவர்களான எஸ்ரா, அவருக்குப் பின் நெகேமியா. தெருக்கூத்தில் வேடக்காரர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறையை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி உடனே பிடிபடும். பலரைச் சிலர் கையில் ஒப்படைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் ஹனுக்கா வேண்டுதலைத் தலைப்பு நினைவூட்டுகிறது. சுரங்கத் தொழிலாளர்களையும் அகதி விவசாயிகளையும் பாடிய ஒருவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சியில் எதைக் கண்டு ஈர்க்கப்பட்டிருப்பார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. குழுவின் பாடகர் லோரின் ஸ்க்லாம்பெர்கின் மெல்லிய உயர்ந்த குரல் கத்ரியின் வறண்ட குரலுக்கு நேரெதிரானது. ஆயினும் நீண்ட கதைப்பாட்டை அலுப்பில்லாமல் கேட்க வைப்பது அந்தக் குரல்தான்.

ஃபிராங்க் லண்டனின் டிரம்பெட், லிசா குட்கினின் வயலின், மாட் டாரியோவின் கிளாரினெட் ஆகியவற்றோடு அமெரிக்க நாட்டுப்புற இசையின் கிதாரும் சேரும் இடங்களில் குழு வெகு இயல்பாக வாசிக்கிறது. இரண்டு மரபுகளையும் ஒட்டுப்போட்ட தையல் வெளியே தெரியவில்லை.

குறைகளும் உண்டு. பம்பரம், மெழுகுவத்தி, பண்டிகைக் காசு, உருளைக்கிழங்கு அடை என்று வெவ்வேறு பாடல்களில் வரும் பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், தொகுப்பை ஒரே மூச்சில் கேட்டால் நடுப்பகுதியில் ஒரு பாட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது கடினமாகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்காக எழுதிய வரிகளை மூத்த கலைஞர்கள் முழு வாத்தியக் கூட்டத்தோடு பாடும்போது, சில இடங்களில் சட்டை உடம்பைவிடப் பெரிதாகிவிடுகிறது.

வெகுஜன இசையில் ஹனுக்காவுக்குக் கிடைத்த மற்றவற்றோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். 1994-இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆடம் சாண்ட்லர் தொலைக்காட்சியில் பாடிய புகழ்பெற்ற பாட்டு, யூதப் பிரபலங்களின் பெயர்களை அடுக்கிச் சிரிக்க வைத்தது. அதன் வேடிக்கை கிறிஸ்துமஸை வைத்தே பிறக்கிறது. யெஷிவா பல்கலைக்கழக மாணவர்களின் மக்கபீட்ஸ் குழு 2010-இல் ஒரு பிரபல நடனப் பாட்டின் மெட்டில் ஹனுக்கா வரிகளைப் பொருத்திப் பாடியது. கெட்டிக்காரத்தனமான வேலை, ஆனால் மெட்டு இரவல். கத்ரியின் பாடல்கள் பக்கத்து வீட்டுப் பண்டிகையைப் பார்த்து ஏங்குவதில்லை. எழுதியவர் யூதரல்லர் என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஜெப வழிபாட்டுக்குரிய எபிரேயப் பாடல்களைத் தேடுபவர்களுக்கு இது உதவாது. பாடல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அதே ஆண்டு இந்தக் குழு கத்ரியின் வேறு வரிகளுக்கு மெட்டமைத்து வெளியிட்டு, கிராமி விருதும் பெற்ற ‘வொண்டர் வீல்’ இதைவிடக் கனமான தொகுப்பு. ஒன்றை மட்டுமே வாங்குவதென்றால் பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வீட்டில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் ஹனுக்கா தொகுப்பையே வாங்கலாம். ஆஷுக்காகக் கத்ரி கிதாரோடு தனியே பாடிய இரண்டு பாடல்களையும் முதலில் கேட்டுவிட்டு இதற்கு வருவது நல்லது. குழுவினர் எதைச் சேர்த்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது அப்போதுதான் காதில் விழும்.