நாசாவ் கொலீசியம், 29 மார்ச் 1990: மூன்று சிடியில் ஒரு ராத்திரி

இந்த ஆல்பத்தில் இருக்கும் கச்சேரிக்கு நான் நேரில் போயிருந்தேன். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு, நியூயார்க் லாங் ஐலண்டில் இருக்கும் நாசாவ் கொலீசியம் அரங்கத்தில் 1990 மார்ச் 29, வியாழக்கிழமை வாசித்தது. அது 'வேக் அப் டு ஃபைண்ட் அவுட்' என்ற பெயரில் மூன்று சிடியாக வந்தது 2014-ல். நடுவில் இருபத்து நான்கு வருடம். அத்தனை வருடமும் என்னிடம் இருந்தவை இரண்டு மேக்ஸெல் கேசட்டும் என் ஞாபகமும்தான். இரண்டுமே தேய்ந்துபோயிருந்தன.

நான் கும்பகோணத்துப் பெண். அப்பா பள்ளி ஆசிரியர். வருஷா வருஷம் தை மாதம் எங்களைத் திருவையாற்றுக்கு அழைத்துப்போவார். காவிரிக்கரை மணலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுத்தான் எனக்குப் பாட்டு கேட்கத் தெரியும். 1988-ல் லாங் ஐலண்டில் இருக்கும் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகள் செய்துகொடுத்த மெஷின் ஷாப்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், லாங் ஐலண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். டெட் குழுவை அவர் முதலில் கேட்டது இதே நாசாவ் கொலீசியத்தில், 1973 மார்ச்சில். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்ற கணக்கை ஒரு பழைய டைரியில் வைத்திருந்தார். ஒருநாள் லேத் பக்கத்தில் காத்திருந்தபோது நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்ன எண்ணுகிறாய்?" என்று கேட்டார். நம் தாளத்தின் எட்டு அக்ஷரம், விரல் எண்ணுவது, கையைத் திருப்புவது எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நீ இவர்களைக் கேட்கத்தான் வேண்டும்" என்றார்.

டிக்கெட் தபாலில் வந்தது. அந்தக் குழு தன் டிக்கெட்டில் ஒரு பங்கைத் தானே நேரடியாக ரசிகர்களுக்கு விற்றது. போஸ்டல் மணி ஆர்டர் எடுத்து, ஒரு சின்ன அட்டையில் விவரம் எழுதி, சொன்ன நாளில் அனுப்ப வேண்டும். உறை கண்ணில் படட்டும் என்று எல்லோரும் அதில் படம் வரைவார்கள். நண்பர் அனுப்பிய உறையில் ஒரு ஆமை, அதன் முதுகில் ஒரு பாஞ்சோ. மூன்று சாயந்திரம் மெனக்கெட்டு வரைந்திருந்தார். ஆமையின் ஓட்டுக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பச்சை. ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது தோன்றவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் கடை போடக் கூடாது என்று குழுவே கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆனாலும் சிலர் ஸ்டவ் வைத்து ரொட்டியில் சீஸ் உருக்கி விற்றார்கள். சைவக்காரியான எனக்கு அது போதும். டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு சும்மா நடந்துகொண்டே இருந்தார்கள். யாராவது ஒருவர் கையில் மிச்சம் இருக்கும் டிக்கெட்டைக் காசு வாங்காமல் கொடுத்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. எங்களுக்கு முன்னால் போன ஒரு பையனுக்கு நிஜமாகவே கிடைத்தது. அவன் கொடுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி சிடிக்கு வருகிறேன்.

முதல் சிடி கச்சேரியின் முதல் பாதி. அதில் ஐந்தாறு பாட்டு தாண்டி 'பேர்ட் சாங்' வரும். அந்த இடத்தில்தான் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் மேடைக்கு வருகிறார். ஜாஸ் உலகத்தில் அப்போதே பெரிய பெயர். இந்தக் குழுவோடு அதற்கு முன் அவர் வாசித்ததே இல்லை. அவர் எந்த இடத்தில் வந்தார் என்பதில் எனக்கும் நண்பருக்கும் வருடக்கணக்கில் வாக்குவாதம் இருந்தது. இரண்டாவது பாதி தொடங்கும்போது என்று நான் அடித்துச் சொல்வேன். இல்லை, இடைவேளைக்கு முன்பே என்பார் அவர். என் கேசட் இரண்டிலும் இருந்தது இரண்டாம் பாதி மட்டும்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காதால் கேட்டதை இத்தனை வருடமாகக் கேசட் என் தலைக்குள் திருத்தி எழுதிவிட்டிருந்தது. சிடி வந்ததும் அவருக்கு ஃபோன் செய்து, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன்.

அந்த 'பேர்ட் சாங்'கைத் தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். குழுவின் கிட்டார்காரரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா பாடும்போது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சாக்ஸஃபோன் எட்டிப்பார்க்கும். இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம், உடனே பின்வாங்கல். கச்சேரிக்குப் புதிதாக வந்து உட்கார்ந்த வயலின்காரர், பாடகர் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வில்லை லேசாக இழுத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி. பாட்டு முடிந்து மனோதர்மம், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனை வாசிப்பு, தொடங்கியதும் கார்சியா ஒரு சின்ன சங்கதி போடுகிறார். சாக்ஸஃபோன் அதையே திருப்பி வாசிக்காமல், அதன் வாலைப் பிடித்து இன்னொன்று சொல்கிறது. அங்கே கிட்டார் அரை நொடி நிற்கும். அந்த அரை நொடி என் கேசட்டிலும் கிடையாது, என் ஞாபகத்திலும் கிடையாது. கார்சியா சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர் வாசிப்பே மாறிவிடுகிறது. தாளம் கரைந்து, எல்லோரும் எங்கோ போய், பிறகு ஆரம்பத்தில் வந்த அந்த வளைந்த எடுப்பில் ஒன்றாக வந்து விழும்போது கூட்டம் போட்ட சத்தத்தில் என் நாற்காலி அதிர்ந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருவர் என்னை இன்னார் என்று தெரியாமலே கட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துப் பாதி பிய்த்துக் கொடுத்தார்.

மார்சாலிஸை இரண்டாவது பாதிக்கும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டோடு தொடங்கும். அந்த ஒரு பாட்டை மட்டும் 1990-லேயே 'விதவுட் எ நெட்' ஆல்பத்தில் வெளியிட்டுவிட்டார்கள், பதினாறு நிமிடம். ரொம்பப் பேருக்கு இந்த ராத்திரி என்றால் அந்தப் பதினாறு நிமிடம்தான். எனக்கு அதைவிட அடுத்து வருகிற 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' பெரிசு. குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பாப் வியர் பாடுவது. ஏழு எண்ணிக்கையில் போகிற பாட்டு. முதல் இரண்டு சுற்றில் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதில் கை தானாகவே மிஸ்ர சாபு போட ஆரம்பித்தது, தகிட தகதிமி. ஒரு அமெரிக்க ஐஸ் ஹாக்கி அரங்கத்தில், புகைக்கும் வியர்வைக்கும் நடுவில், நான் திருவையாற்று மணலில் உட்கார்ந்திருந்தேன். நண்பர் என் கையைப் பார்த்துவிட்டு அவரும் தொடையில் தட்டத் தொடங்கினார், தப்பும் தவறுமாக. அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, அது ஏழு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்புறம் 'டார்க் ஸ்டார்'. இதைப் பற்றி அந்தக் காலத்து ரசிகர்களிடம் பேசினால் குரல் தணிந்துவிடும். 1984-க்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பாட்டையே தொடாமல் இருந்து, 1989 அக்டோபரில் ஹாம்ப்டனில்தான் மறுபடி எடுத்தார்கள். அதனால் அதன் முதல் ஸ்வரங்கள் கேட்டதும் அரங்கம் முழுக்க எழுந்த ஓசை கைதட்டல் இல்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அது. பாட்டு என்று பார்த்தால் சில வரிகள்தான். மிச்சம் எல்லாம் ஆலாபனை. கார்சியாவின் கிட்டாரை மிடி என்ற மின்னணு இணைப்பு வழியாக ஓட்டியதால் அது சில இடத்தில் புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கும். எது சாக்ஸஃபோன், எது கிட்டார் என்று அன்றைக்குக் குழம்பினேன். சிடியில் குழப்பம் இல்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது. எனக்கு அந்தக் குழப்பமும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் தாள வாத்தியத்துக்கு என்று தனியாக ஒரு பகுதி. பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் இரண்டு பேர் மட்டும். நம் கணக்கில் தனி ஆவர்த்தனம். நம் ஊரில் தனியின்போது காபி குடிக்கப் போவது போல அங்கேயும் கூட்டம் எழுந்து போனது. நான் போகவில்லை. அடுத்த வருடம் மிக்கி ஹார்ட் 'பிளானெட் டிரம்' என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். அதில் ஜாகிர் ஹுசைன் தபலாவோடு நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருந்தார். உலக இசைக்கு என்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது அதற்குத்தான் போனது. கேசட் கடையில் அட்டையைத் திருப்பி விக்கு பெயரைப் பார்த்ததும் கடைக்கு வெளியே வந்து அப்பாவுக்கு டிரங்க் கால் போட்டேன். அவருக்கு மிக்கி ஹார்ட் யார் என்று தெரியாது. "விக்குவா? அப்ப அவனுக்குக் கேட்கத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இந்த ஆல்பத்தில் என்னால் எளிதாகக் கேட்க முடியாத ஒன்று உண்டு. முதல் பாதியில் பிரெண்ட் மிட்லண்ட் பாடும் 'வீ கேன் ரன்'. கீபோர்டு வாசித்தவர். குழுவில் சேர்ந்தது 1979-ல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார். 1990 ஜூலை 26 அன்று இறந்துபோனார், இந்தக் கச்சேரி முடிந்து நான்கே மாதம். பாட்டாகப் பார்த்தால் இந்த ராத்திரியின் மிகச் சிறந்தது இது இல்லை. ஆனால் மற்ற பாட்டுகளில் அவருடைய ஹாமண்ட் ஆர்கனைக் கவனியுங்கள். யார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கீழே ஒரு கை வைத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

குறை என்று எனக்கு ஒன்று இருக்கிறது. வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் பதிந்த பல தடப் பதிவிலிருந்து செய்த கலவை என்பதால் வாத்தியங்கள் கண்ணாடி மாதிரி தெளிவு. அதற்கு விலையாகக் கூட்டத்தைத் தூரத்தில் தள்ளிவிட்டார்கள். ஆரஞ்சு கொடுத்த பெண்மணி இருந்த பக்கத்திலிருந்து வந்த அந்தக் கர்ஜனை இதில் ஒரு மெல்லிய சலசலப்பு. இந்தக் குழு ரசிகர்கள் பதிவு செய்வதைத் தடுத்ததில்லை. 1984-லிருந்து பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். மைக் கட்டிய உயரமான கம்பிகள் ஒரு சின்னத் தோப்பு மாதிரி நிற்கும். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம், அதுதான் நியதி. என் கேசட்டும் அப்படி வந்ததுதான். காலிக் கேசட்டையும் திரும்பி வரத் தபால் செலவையும் முன்பின் பார்த்திராத ஒருவருக்கு அனுப்பினேன், பதிந்து அனுப்பினார். படியெடுத்துப் படியெடுத்து வந்ததில் இரைச்சல் அதிகம்தான், ஆனால் அதில் நாங்கள் இருந்தோம். இன்டர்நெட் ஆர்கைவில் அன்றைய ரசிகர் பதிவுகள் கிடைக்கின்றன. சிடி வாங்குகிறவர்கள் அதில் 'டார்க் ஸ்டார்' தொடக்கத்தை மட்டுமாவது ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கச்சேரி கேட்டுப் பழகிய நம்மவர்கள் இதை எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள், அலுத்துப்போய் வைத்துவிடுவீர்கள். 'பேர்ட் சாங்' ஒன்று. மறுநாள் இரண்டாம் பாதியை 'ஐஸ்' தொடங்கி நிறுத்தாமல். இவர்களுக்குக் குரல் சுத்தம் கிடையாது, சுருதி அங்கங்கே வழுக்கும், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வதற்குப் போங்கள்.

2024 அக்டோபர் 25-ல் ஃபில் லெஷ் காலமானார். குழு தொடங்கிய 1965-லிருந்து பேஸ் கிட்டார் வாசித்தவர். அந்த வாரக் கடைசியில் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மெஷின் ஷாப் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, மேல் ஸ்தாயி எதுவும் விழாது. சாக்ஸஃபோன் உச்சியில் ஏறினால் அவருக்கு மௌனம்தான். 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' போடச் சொன்னார். போட்டேன். நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அதன் பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையை விரித்து வைத்தார். லெஷ்ஷின் பேஸ் அந்தப் பலகை வழியாக அவர் முழங்கை வரை வந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு கை தொடையில். தகிட தகதிமி, ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.