சேலம் வெயிலுக்கு இந்த பீர் கிட் தாங்குமா? எட்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பெட்டியின் மேல் 'ஹோம் ப்ரூ கிட்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் இதில் நான் பீர் போடவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது மாகாணத்திலேயே முதலில் அமலுக்கு வந்த இடம் நம் சேலம் மாவட்டம்தான். அந்தச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. அதனால் நான் போடுவது இஞ்சி பீர். பெயரில் பீர் இருக்கிறது, நுரை இருக்கிறது, ஈஸ்ட் வேலை செய்கிறது. ஆல்கஹாலை மட்டும் 0.5 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதற்கு மேல் போனால்தான் மதுபானம் என்கின்றன. அந்தக் கோட்டில் நிற்கத்தான் இந்தக் கிட்டையே வாங்கினேன்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன். அங்கே 1963-லிருந்து வீட்டுக்கென்று பீர் போட லைசென்ஸ் வேண்டாம். கூட வேலை பார்த்த ஒருவர் சமையலறை மூலையில் 23 லிட்டர் வாளியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய் வாளி கழுவிக் கழுவித்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி அம்மாபேட்டையில் அம்மாவோடு இருக்க ஆரம்பித்த பிறகு, அந்த மணமும், ஏர்லாக்கில் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) 'ளொப்' என்று வரும் குமிழிச் சத்தமும் ரொம்ப நாள் மனதில் கிடந்தன. அப்புறம்தான் ஆன்லைனில் இதைப் பார்த்தேன். விலை 2,850 ரூபாய். விற்றவரின் பெயரை எழுதவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால்.

பெட்டியில் இருந்தவை: மூடியில் ஓட்டை போட்ட 5 லிட்டர் கண்ணாடி ஜாடி, ஏர்லாக், பானத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர், அதை மிதக்க விட ஒரு நீளக் குழாய், முள் தெர்மாமீட்டர், கம்பி மூடி போட்ட சதுர பாட்டில் ஆறு, கருவிகளைச் சுத்தம் செய்ய ஒரு பவுடர், ஒரு ஈஸ்ட் பொட்டலம், ஒரு தாள்.

அந்தத் தாளில் இருந்துதான் தொல்லை தொடங்கியது. 'அறை வெப்பநிலையில் 14 நாள் வைக்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் அறை? எழுதியவர் 18, 20 டிகிரி இருக்கும் ஊரை நினைத்திருக்கிறார். ஏப்ரலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ராத்திரி பத்து மணிக்கு 34 டிகிரி. பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடவாமல் விட்டால் மத்தியானத்துக்குள் அது கள். நம் வெயிலில் ஈஸ்ட் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, மணிக்கணக்குதான். பீர் ஈஸ்ட்டுக்குச் சொன்ன நாள் கணக்கை இஞ்சி பீருக்கும், குளிர் நாட்டுக்குச் சொன்னதைச் சேலத்துக்கும் அப்படியே அச்சடித்துக் கொடுத்திருப்பது பெரிய தவறு.

நான் 14 நாள் விடவில்லை. மூன்று நாள்தான் விட்டேன், அதுவே அதிகம். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆறு பாட்டிலில் இரண்டு வெடித்துவிட்டன. அம்மா எழுந்து வந்து, "என்னப்பா, சிலிண்டரா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. கண்ணாடித் துண்டு ஒன்று எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கிழித்திருந்தது. பகலில் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அம்மா காய் நறுக்குவார். மீதி நாலு பாட்டிலையும் அங்கேயே ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். வெயில் ஏறும் முன், கெட்டிக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சாக்கோடு ஐஸ் தொட்டிக்குள் இறக்கி, நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

இதில் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய பாதி எடை வாயுவாகவும் பாதி ஆல்கஹாலாகவும் மாறும். ஒரு லிட்டர் பானத்தில் நாலு கிராம் சர்க்கரை நொதித்தால் சுமார் ஒரு லிட்டர் வாயு உண்டாகும், இதை ஒரு மடங்கு என்பார்கள். சாதாரண பீர் பாட்டிலில் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும். நான் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போடுகிறேன். அது முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் இருபது மடங்கு. எந்தக் கண்ணாடியும் அதற்கு நிற்காது. சதுர பாட்டில் இன்னும் முன்னாலேயே போய்விடும். உருண்டை பாட்டிலில் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். சதுரத்தில் தட்டைப் பக்கம் வெளியே வளையப் பார்க்கும், மூலையில் விரிசல் விடும். அந்த வடிவம் எண்ணெய்க்கும் பழரசத்துக்கும் சரி, வாயு அடைத்த பானத்துக்கு ஆகாது. கோலி சோடா பாட்டிலை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம். அந்தக் கனமான கண்ணாடியும் உருண்டை உடம்பும் அழகுக்காக வைத்தவை அல்ல. பீர் கிட் என்று விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

அப்படியென்றால் கிட்டே வேண்டாமா? இல்லை. இதற்குள் இருக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றுக்காகவே நான் இதைத் திரும்பவும் வாங்குவேன்.

பால் சொசைட்டியில் பால்மானி பார்த்திருப்பீர்கள், அதன் தம்பிதான் இது. பானத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் மேலே மிதக்கும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன கீழே இறங்கும். வெறும் தண்ணீர் என்றால் 1.000, அதற்கு மேல் ஒவ்வொரு 0.001-ஐயும் ஒரு கோடு என்கிறேன். லிட்டருக்கு 80 கிராம் போட்ட என் கலவை 1.030-ல் நிற்கும். அது 1.026-க்கு இறங்கினால் ஆல்கஹால் சுமார் 0.5 சதவீதம் என்று அர்த்தம். அதாவது லிட்டருக்கு எட்டு கிராம் சர்க்கரை போயிருக்கிறது, பாட்டிலில் இரண்டு மடங்கு வாயு சேர்ந்திருக்கிறது. குடிக்க அந்த நுரை போதும். இந்த நாலு கோடு இறங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் நாலே கோடு என்பதால் படிப்பதில் சின்னத் தவறும் பெரிதாகிவிடும். என் சகலைக்கு ஏற்காடு நாகலூரில் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கேதான் கலந்து அடைத்தேன், 1.030. திங்கட்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு பாட்டிலைத் திறந்து அளந்தால் 1.022 காட்டுகிறது. எட்டு கோடு! ஒரு சதவீத ஆல்கஹால். அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தது அது. மனசே கலங்கிவிட்டது. ராத்திரி டார்ச் அடித்து ஹைட்ரோமீட்டருக்குள் இருக்கும் காகிதச் சுருளைப் பார்த்தபோதுதான் பொடி எழுத்தில் '20 டிகிரி' என்று இருந்தது. அந்த வெப்பத்துக்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். திரவம் சூடானால் விரியும், அடர்த்தி குறையும், மிதவை தாழும். 34 டிகிரியில் சுமார் நாலு கோடு தாழ்ந்து காட்டும். நான் தேடிக்கொண்டிருந்த அந்த நாலு கோட்டையும் சேலம் வெயிலே காட்டிவிட்டது. குழாயை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து 20-க்குக் குளிரவைத்துப் பார்த்தேன், சரியாக 1.026.

இன்னொன்று. நுரை இருக்கும் பானத்தை அப்படியே ஊற்றினால் குமிழிகள் மிதவையில் ஒட்டி அதைத் தூக்கிக் காட்டும். டபராவிலும் டம்ளரிலும் காபி ஆற்றுவது போல இருபது தடவை ஆற்றி, வாயு போனதும் ஊற்றுங்கள். மிதவையை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டு, நின்ற பிறகு கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

தெர்மாமீட்டரை முதலில் நான் தப்பாக நினைத்துவிட்டேன். நாகலூரில் கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 95-தான் காட்டியது. பழுது என்று திருப்பி அனுப்பப் போனேன். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கீழே வந்து ஐஸ் தண்ணீரில் பூஜ்யம், கொதிநீரில் 99. நல்ல தெர்மாமீட்டர்.

ஜாடி கனமானது, நன்றாக இருக்கிறது. மூடி ஓட்டையில் இருக்கும் ரப்பர் வாஷர் மட்டும் தளர்வு. ஏர்லாக்கில் குமிழி வராமல் இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் சைக்கிள் பஞ்சர் பார்ப்பது போல சோப்புத் தண்ணீர் தடவியபோது வாஷர் ஓரமாக வாயு போவது தெரிந்தது. வேறு வாஷர் போட்டேன், சரியாகிவிட்டது. ஏர்லாக்கில் ஊற்றும் தண்ணீரும் கோடையில் சீக்கிரம் வற்றிவிடும், தினமும் பாருங்கள். வற்றிய அன்றே எறும்பு வந்துவிடுகிறது. உண்மையில் இஞ்சி பீருக்கு ஏர்லாக் அவ்வளவு தேவையும் இல்லை. ஜாடியிலேயே ரொம்ப நேரம் விட்டால் நுரைக்கான வாயு எல்லாம் வெளியே போய்விடும். குமிழி தொடங்கியதும் அரை நாளுக்குள் பாட்டிலுக்கு மாற்றிவிடுகிறேன்.

ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. இஞ்சித் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. தோலோடு துருவிய இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், கொதித்து ஆறிய தண்ணீர். தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் சேர்த்து, துணி கட்டி வைத்தால் சேலத்தில் மூன்று நாளில் பொங்கும், நாகலூரில் எட்டு நாள் ஆனது. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இஞ்சி பீர் போடுகிறார்கள். அங்கே 'இஞ்சி பீர் செடி' என்று கைமாறி வந்த கட்டியை ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து, அது செடியே இல்லை, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892-ல் எழுதினார். தோசை மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமான விஷயமே இல்லை.

வெல்லம் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய மஞ்சள் பளபளப்பு வெல்லத்தில் போட்டபோது கலவை ஐந்து நாள் அசையவில்லை. வெல்லத்தை வெளுக்கப் போடும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்திலிருந்து வரும் சல்பைட் ஈஸ்ட்டை மந்தமாக்கும். கருப்பாக, கொஞ்சம் அழுக்காகத் தெரிகிற நாட்டுச் சர்க்கரைக்கு மாறினேன், மறுநாளே பொங்கியது. தண்ணீருக்கு மேட்டூர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுகிறேன். குளோரின் போய்விடும்.

பாட்டிலுக்கு என்ன செய்கிறேன் என்றால், காலி சோடா பிளாஸ்டிக் பாட்டில்தான். அழுத்திப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியும். அமுங்கினால் காத்திருக்கலாம், காற்றடித்த சைக்கிள் டயர் மாதிரி கெட்டியானால் உடனே ஃப்ரிட்ஜ். கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் பீர் அடைத்து வந்த உருண்டை பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். அதிலும் ஒன்றைப் பிளாஸ்டிக்கில் சோதனைக்கு வையுங்கள்.

இப்போது நான் போடும் அளவு: நாலு லிட்டர் தண்ணீர், இஞ்சி 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 320 கிராம், எலுமிச்சை இரண்டு, பொங்கிய இஞ்சிக் கலவை ஒரு டம்ளர். ஏற்காடு ஆரஞ்சு கிடைக்கும் நாளில் இரண்டு பழத்தின் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவிப் போடுவேன். சகலை தோட்டத்து மிளகு பத்து, பொடித்து. முதலில் இஞ்சிக் காரம், பின்னால் தொண்டையில் மிளகு, மூக்கில் ஆரஞ்சு. கடைப் பானம் எதிலும் இந்த மணம் எனக்குக் கிடைத்ததில்லை. இதில் மிகக் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு என்று அம்மாவிடம் அளவோடு சொன்னேன். யோசித்துவிட்டு அரை டம்ளர் குடித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்கிறார். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நான் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

விற்றவருக்கு உடைந்த பாட்டிலின் படத்தோடு எழுதினேன். பாட்டிலுக்கான பணத்தை நாலு நாளில் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் போன வாரம் பார்த்தபோதும் கிட்டில் அதே சதுர பாட்டில் ஆறும் இருக்கிறது, தாளும் மாறவில்லை. அதனால் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குகிறவர்கள் ஜாடியையும் ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டில்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மிச்சமான நாலில் இரண்டில் நல்லெண்ணெய், ஒன்றில் கடலை எண்ணெய், நாலாவதில் அம்மா விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார்.