எந்த மாத்திரையைக் குறைப்பது?

பதற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலம் எடுத்துவந்தவர் அதை நிறுத்த நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு: அதே மாத்திரையை மெல்லக் குறைப்பது, அல்லது அதே வகை மருந்தான டயசெபத்துக்கு மாறி அதைக் குறைப்பது. திடீரென நிறுத்துவது வழியே அல்ல. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் வழியில் மருந்து பழகியது, மாற்றுக் கணக்கும் தேவையில்லை. ஆனால் இரத்தத்தில் அல்பிரசோலத்தின் அளவு ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த வேளைக்கு முன்பே படபடப்பும் நடுக்கமும் தலைகாட்டும். சின்ன மாத்திரையைக் கால்வாசியாக உடைப்பதும் துல்லியமாக வராது.

டயசெபம் உடலில் நாட்கணக்கில் தங்கும். இறக்கம் சீராக இருக்கும். 2 மில்லிகிராம் மாத்திரை இருப்பதால் சிறு படிகளில் இறங்கலாம். வேளைகளுக்கிடையே தவிப்பவர்களுக்கு நான் இதையே விரும்புவேன். முதியவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்: மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போய், தூக்கக்கலக்கத்தில் தடுமாறி விழுவார்கள். இரவில் கடலுக்குப் போகும் நிலாவெளி மீனவருக்கும் மாறும் முதல் வாரங்களின் மந்தம் பெரிய ஆபத்து. அல்பிரசோலத்துக்குச் சரிசமமான டயசெபம் அளவு தோராயமானதே என்பதால் அதை வைத்தியர்தான் கணக்கிட வேண்டும்.

எந்த வழியானாலும் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது பொதுவான தொடக்கம். தவிப்பு மிஞ்சினால், வைத்தியரிடம் சொல்லி அந்த அளவிலேயே சில காலம் நிற்கலாம். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ திருகோணமலை கிளினிக்குக்கு வருபவர்கள், அடுத்த திகதிக்கு முன் மாத்திரை தீர்ந்துவிடாதபடி கேட்டு வாங்குங்கள்.