லினக்ஸ் மிண்ட்டும் அரையாண்டு வினாத்தாளும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து தெரிந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நீங்க லினக்ஸ்தானே வச்சிருக்கீங்க, எங்க வீட்டு லேப்டாப்லயும் போட்டுத் தர்றீங்களா?" விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம் லினக்ஸ், அதில் ஒரு வகைதான் நான் வைத்திருக்கும் மிண்ட். கடைசியாகக் கேட்டவர் அலுவலக நண்பர். அவருடைய லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. எங்கள் வீட்டில் அப்போது அரையாண்டு வினாத்தாள் சீசன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அவருடையதைவிடப் பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், பிற்பாடு மாட்டிய எஸ்எஸ்டி. மிண்ட் 21 வந்த காலத்தில் சினமன் பதிப்பைப் போட்டேன், இப்போது 22. நெட் பேங்கிங், கரண்ட் பில், யூடியூப், வாட்ஸ்அப் வெப், பையனின் ஆன்லைன் வகுப்பு எல்லாமே பிரவுசருக்குள் நடப்பவை. அதற்கு அடியில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் யாருக்கும் கவலையில்லை. அப்டேட் இருந்தால் மூலையில் ஒரு கேடயக் குறி வரும், அவ்வளவுதான். அவசரமாக ஒரு டிக்கெட் எடுக்கும்போது "அணைக்க வேண்டாம், 32 சதவீதம்" என்று நம்மை உட்காரவைப்பதில்லை. ஏதாவது சொதப்பினாலும் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியில் முந்தைய நிலைக்குப் போய்விடலாம். 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதுவரை கீபோர்டு தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

நான் எதிர்பாராத சந்தோஷம் தமிழ்த் தட்டச்சு. உள்ளீட்டு முறை அமைப்பில் தமிழுக்கானதை ஒருமுறை நிறுவிக்கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. தனி மென்பொருள் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. தமிழ்99-இல் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு விசை போதும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் அடிக்கிறேன்.

இனி கோபம். என் மனைவி பள்ளி ஆசிரியை. சக ஆசிரியர்களிடமிருந்து வினாத்தாள்கள் வேர்டு கோப்பாக வாட்ஸ்அப்பில் வரும். இவர் தம் பங்கைச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய வேர்டில் சரியாக இரண்டு பக்கம். இங்கே, வேர்டுக்குப் பதிலாக மிண்ட்டில் இருக்கும் லிப்ரெஆபிஸில் திறந்தால் இரண்டு பக்கமும் மூன்று வரியும். அந்த மூன்று வரிக்காக இன்னொரு தாள் அச்சடிக்க எந்தத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதைக்கூடச் சமாளிக்கலாம். 'பொருத்துக'தான் ஆளைக் கொல்கிறது. இடப்பக்கம் ஐந்து சொல், வலப்பக்கம் ஐந்து சொல், நடுவில் கோடு. யாரும் அட்டவணை போடுவதில்லை. ஸ்பேஸ் பாரையும் டேப்பையும் தட்டித் தட்டித்தான் நேராக்கியிருப்பார்கள். எழுத்துரு மாறியதும் ஒவ்வொரு சொல்லின் அகலமும் மாறும். வலப்பக்க இ) அடுத்த வரியின் தொடக்கத்துக்கு ஓடிவிடும், ஈ) பாதிக் கோட்டின் மேல் ஏறி நிற்கும். "ஏங்க, பொருத்துக மறுபடியும் போச்சு" என்ற குரல் வந்தால் அன்று இரவு பதினொரு மணிக்கு முன்னால் தூக்கம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இது மிண்ட்டின் குற்றம் இல்லை. வேர்டில் தமிழ் பெரும்பாலும் லதாவிலோ நிர்மலாவிலோ வந்து விழும். இரண்டும் மைக்ரோசாஃப்டின் எழுத்துருக்கள், லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் கிடையாது. அதனால் லோகித், நோட்டோ போன்ற இலவச எழுத்துரு ஏதாவது அந்த இடத்தில் வந்து உட்கார்கிறது. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக லிபரேஷன் செரிஃப் என்று, எழுத்தின் அகலம் அச்சாகப் பொருந்தும் ஜோடிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். லதாவுக்கு அப்படி ஒரு ஜோடியைத் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. லதாவையே கொண்டுவந்து போட்டால் போதும் என்பார்கள். போட்டேன். எழுத்து சரியானது, டேப் சரியாகவில்லை. ஒன்லிஆபிஸ் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்தால் கொஞ்சம் பரவாயில்லை, அதிலும் கோடு நகர்கிறது. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கலையாது, உண்மைதான். ஆனால் அடுத்த ஆசிரியர் அதில் தம் கேள்வியைச் சேர்க்க முடியாதே!

இதற்கு மேல் பாமினி வேறு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டும் பழைய எழுத்துரு. பள்ளிக்குப் பக்கத்து டைப்பிங் சென்டரில் அடித்த பழைய வினா வங்கி முழுக்கப் பாமினியில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். விண்டோஸிலும் இதே கதிதான், அங்கே யாரோ எப்போதோ பாமினியை ஏற்றி வைத்திருப்பார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். எந்த எழுத்துருவிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று அறிவித்துவிட்டது. டைப்பிங் சென்டருக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

சரி, இவ்வளவு நியாயமும் எனக்குப் பகலில் புரிகிறது. இரவில் டேப் டேப்பாக நகர்த்தும்போது, தமிழகமே வேர்டில் எழுதும்போது நாம் மட்டும் ஏன் தனியாக நிற்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வினாத்தாள் வேலை இருந்தால் பள்ளியிலேயே தங்கி அங்குள்ள கம்ப்யூட்டரில் முடித்துவிட்டு வருகிறார். வீட்டுக்கு வந்ததும் இதே லேப்டாப்பில் சீரியல் பார்க்கிறார், அதில் அவருக்கு ஒரு புகாரும் கிடையாது.

நான் விண்டோஸுக்குத் திரும்பப் போவதில்லை. நண்பரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவியும் ஆசிரியைதான், அதுவும் தமிழாசிரியை. காசு பார்க்காமல் புது லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இவ்வளவு நேரம் புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றீங்களே" என்றார். பழைய ஐ5-ஐ விற்க வேண்டாம், பையனுக்கு மிண்ட் போட்டுத் தருகிறேன், ஒரு 8 ஜிபி பென்டிரைவ் மட்டும் கொண்டு வாருங்கள் என்றிருக்கிறேன்.