ஃபேண்டெல்வர் சுரங்கத்தை எபெரானுக்கு மாத்தி எட்டு மாசம் ஓட்டின அனுபவம்

போன வாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமா டைஸ் உருட்டிக் கதை ஆடற கேம்) விளையாடற ஒரு ஃப்ரெண்ட் கேட்டான், "ஸ்டார்ட்டர் செட் பாக்ஸ் கைக்கு வந்துடுச்சுடா, ஆனா எனக்கு அதுல வர்ற உலகம் வேணாம், எபெரான்ல ஓட்ட முடியுமா"ன்னு. நான் அதைத்தான் எட்டு மாசமா ஓட்டி இப்பதான் முடிச்சிருக்கேன், அதனால அவனுக்குச் சொன்னதை இங்கயும் எழுதிடறேன். அந்த பாக்ஸோட 2014-ல வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர், 64 பக்க கதை புக்கு, அதைப் பத்திதான்; எபெரான் அதே கேமோட இன்னொரு கற்பனை உலகம். டிஎம் (கதையை நடத்தறவர்) பண்ணப் போறவங்க மட்டும் படிங்க, விளையாடப் போறவங்க தயவுசெஞ்சு இதோட நிறுத்திக்கோங்க, கதை முழுக்க உடைச்சுதான் பேசப்போறேன்.

ஆரம்பமே உங்களுக்குத் தெரியும், ரோட்டுல செத்துக் கிடக்கற ரெண்டு குதிரை, உடம்புல கறுப்பு இறகு வச்ச அம்பு, புதருக்குள்ள நாலு கோப்ளின், அதாவது குட்டி அரக்கனுங்க. புக்குல அதுங்க அடிச்சுப் போட்டுட்டுப் போறதுக்குன்னே இருக்கற கூட்டம். எபெரான்ல அப்படி விட முடியாது, ஏன்னா மனுஷங்க அந்தக் கண்டத்துல கால் வைக்கறதுக்குப் பல ஆயிரம் வருஷம் முன்னாடியே அங்க தக்கானி பேரரசு நடத்தினவங்க அவங்க, அப்புறம் கடைசிப் போர்னு அந்த உலகத்துல நடந்த பெரிய போர் நடுவுல, அவங்க காலண்டர்ல 969-ல, ஹாருக் தலைமையில சயர் நாட்டோட நிலத்தைப் பிடிச்சு டார்கூன்னு தனி நாடாவே ஆக்கிட்டாங்க. புக்குல கதை நடக்கற ஊரான ஃபேண்டலினை நான் எபெரான்ல பிரேலண்ட் நாட்டோட கிழக்கு ஓரத்துல, சீவால் மலை அடிவாரத்துல வச்சு, ஊர்க்காரங்க எல்லாரையும் சயர் அகதிகளா மாத்தினேன். இடிஞ்சு கிடந்த ஊர்ல புதுசா வந்து குடியேறினவங்கன்னு புக்குலயே இருக்கு, அதனால அது அப்படியே பொருந்திடுச்சு.

அந்தக் கோப்ளின்களோட குகைக்குள்ள யீமிக்னு ஒரு கோப்ளின் வருவான், சில்டர்ங்கற ஆளைப் பிணையா பிடிச்சு வச்சுக்கிட்டு, என் தலைவனோட தலையைக் கொண்டா இவனை விட்டுடறேன்னு பேரம் பேசுவான். புக்குல அது சின்ன சீன். எங்க டேபிள்ல அது மூணு மணிநேரம் போச்சு, ஒரு டைஸ் கூட உருட்டல. பிளேயர்ல ஒருத்தர் சயர்க்காரியா விளையாடறாங்க, அவங்க வீடு இருந்த இடம் இப்ப டார்கூன், அதைச் சொல்லிக் கோபமா கத்தினாங்க, நான் யீமிக்கா உக்காந்து "இந்த மலைக்கு உங்க பாஷையில பேர் வைக்கறதுக்கு முன்னாடியே எங்க பாஷையில பேர் இருந்துச்சு"ன்னேன், அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் மெதுவா "அந்தப் பேரைச் சொல்லு"ன்னாங்க. நான் டிஎம் பண்ண ஆரம்பிச்சதுலேருந்து இப்படி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைச்சதே இல்ல.

சுரங்கத்துக்குள்ள இருக்கற ஃபோர்ஜும், அதாவது மேஜிக் பட்டறையும், நல்லா வந்துச்சு. 500 வருஷம் பழசுன்னு இருக்கறதைப் போர்க்காலத்துக்கு இழுத்துட்டு வந்து, அதை எபெரான்ல மேஜிக் பொருள் செய்யற கானித் வம்சத்தோட கிரியேஷன் ஃபோர்ஜ்ஜா ஆக்கினேன், அதாவது போரை முடிச்ச 996 த்ரோன்ஹோல்ட் ஒப்பந்தத்துல இதையெல்லாம் அழிச்சாகணும்னு முடிவான, வார்ஃபோர்ஜ்ட்ங்கற உயிருள்ள போர் இயந்திர மனுஷங்களைச் செய்யற பட்டறைகள்ல தப்பிச்ச ஒண்ணு. வார்ஃபோர்ஜ்ட் பாத்திரமா ஆடின பையன் அந்தப் பச்சை நெருப்பு கிட்டப் போய்க் கையை நீட்டிட்டு அப்படியே நின்னான்.

இப்ப எனக்குக் கோபம் வர்ற விஷயம், பிளாக் ஸ்பைடர். கதை முழுக்க இவன்தான் வில்லன், ஆனா கடைசி குகை வரைக்கும் நேர்ல வரவே மாட்டான், அவன் பேரும் அவன் அனுப்பின ஒரு லெட்டரும்தான் வரும், ஏன் இதெல்லாம் பண்றான்னா சுரங்கத்துல இருக்கற மேஜிக் வேணுமாம், அவ்வளவுதான். டிரோவா (கறுப்புத் தோல் எல்ஃப் இனம்) வேற இருக்கான், எபெரான்ல டிரோ பெரும்பாலும் ஜென்டிரிக்ங்கற வேற கண்டத்துக் காட்டுல, தேள் சாமி கும்பிடறவங்க, அவன் பிரேலண்டுக்கு ஏன் வரணும்? அவனை கானித் ஏஜென்ட்டா மாத்தினேன், நாலு லெட்டர் எழுதினேன், ஊர்ல ஒரு தடவை மாறுவேஷத்துல கொண்டு வந்தேன். அப்பவும் கடைசி செஷன்ல அவன் முன்னாடி நிக்கும்போது ஒருத்தர் "இவர் யாரு, நமக்கு முன்னாடியே தெரியுமா"ன்னு கேட்டாங்க. எட்டு மாசம் வேலை பார்த்துட்டு அந்தக் கேள்வியைக் கேக்கறப்ப எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. யீமிக் பேரை இன்னைக்கும் எல்லாரும் சொல்றாங்க, வில்லன் பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.

நியாயமாப் பார்த்தா முதல் ரெண்டு பாகமும் பணத்துக்கு மேலயே கொடுத்துச்சு, புதுசா டிஎம் பண்றவங்க கையில கொடுக்க அதைவிட நல்லதா நான் ஒண்ணும் பார்த்ததில்ல. ஆனா அந்த ஃப்ரெண்ட்கிட்ட நான் சொன்னது, மாத்தாதடா, இருக்கற உலகத்துலயே ஓட்டு, இல்லேன்னா கோப்ளின் குகையை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தூக்கி வச்சுட்டு யீமிக்கையே உன் வில்லனா ஆக்கிக்கோ.